சிவப்பு மணலில் ஒரு கால்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு வாங்கி விற்கும் கிட்டங்கி ஒன்றில் மூட்டை சுமந்தவன் பிச்சைமணி. சங்கரன்கோவில் பக்கம் அவன் ஊர். கேட்டால் பெயரைச் சொல்வான், சொல்லும்போது முகத்தில் ஒரு துளி பிரியமும் இருக்காது. அங்கே அவனுக்கு வாய்த்தது பசி ஒன்றுதான். பதினெட்டு வயதில் வெங்காய லாரியில் ஏறி வந்து இறங்கியவன், அதன்பிறகு ஒரு பொங்கலுக்குக்கூடத் திரும்பிப் போகவில்லை. சாயா, கப்பைக்கிழங்கு, மீன்குழம்பு, மூன்று வேளையும் வயிறு நிறைந்தது. மலையாளம் பேசக் கற்றுக்கொண்டான். பக்கத்து இஞ்சிக் கிட்டங்கியில் இஞ்சி பொறுக்கிக்கொண்டிருந்த மாயம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டான். மஜீத் மூப்பனின் சுமைக் கூட்டத்தில் அவன் பெயரும் ஏறியது. மனிதனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பீடி வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றரைக் கட்டு ஊதினான்.

அவனிடம் ஒரு வித்தை இருந்தது. அதைச் சொல்லாமல் அவன் கதையைச் சொல்ல முடியாது. இடுக்கியிலிருந்தும் வயநாட்டிலிருந்தும் மிளகு கொண்டு வருகிறவர்களின் சாக்கை எடை போடும் இரும்புப் பலகையில் தூக்கி வைப்பது அவன் வேலை. வைத்த பிறகும் விலகிப் போக மாட்டான். சாக்கு சரிந்துவிடாமல் பிடித்துக்கொள்கிறவன் மாதிரி ஒட்டி நிற்பான். பலகைக்கு வெளியே கொஞ்சம் தொங்கும் சாக்கு மூலைக்கு அடியில் இடது கால் கட்டைவிரலைக் கொடுத்து மெல்ல ஒரு நெம்பு. அரைக் கிலோவோ முக்கால் கிலோவோ அந்த விரல் தாங்கிக்கொள்ளும், தராசில் குறையும். இடுப்புக்கு மேலே உடம்பில் ஒரு அசைவு தெரியாது. அந்த நேரத்தில் விற்க வந்தவரின் கண்ணைப் பார்த்து, "உங்க ஊருல மழை உண்டா?" என்று விசாரிப்பான். மழையைப் பற்றிக் கேட்டால் மலைக்காரர்கள் தராசைப் பார்க்க மாட்டார்கள்.

ஒருமுறை கமலாக்ஷி என்ற மலைக்கார அம்மாள் மூன்று சாக்கு கொண்டுவந்தாள். வீட்டிலேயே எடை போட்டுக் கொண்டுவந்தவள். இங்கே இரண்டு கிலோ குறைந்தது. அவள் தராசைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள், பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிச்சைமணியின் காலை மட்டும் பார்க்கவில்லை. கடைசியில் "என் தராசுதான் கேடாயிருக்கும்" என்று தன்னையே நொந்துகொண்டு போனாள். பிச்சைமணி அன்று சாயாக்கடையில் அதைச் சொல்லிச் சிரித்தான். முதலாளி அவனுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தார்.

1983-ஆம் வருஷ மழைக்காலத்தில் அந்த விரல் மரத்தது. முதலில் சில்லிட்டது. பிறகு நடந்தால் கெண்டைக்காலில் பிடித்து இழுத்தது. பிறகு நடக்காமலே வலித்தது. காலைத் தொங்கப் போட்டால்தான் வலி கொஞ்சம் அடங்கியது. நகத்தின் ஓரம் நீலமாகி, நீலம் கறுப்பாகி, கறுப்பு பக்கத்து விரலுக்கும் தாவியது. மாயம்மாள் சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டாள். அந்த மலைக்காரியின் சாபம் என்று அழுதாள். சாபமுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. பீடி. பீடி குடிக்கிறவர்களில் சிலருக்குக் காலுக்குப் போகிற ரத்தக்குழாய் உள்ளுக்குள்ளேயே அடைத்துக்கொண்டுவிடும். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் காலை அழுத்திப் பார்த்து, நாடி கிடைக்காமல் உதட்டைப் பிதுக்கி, இதைத்தான் சொன்னார். பீடியை இன்றே விடு, முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும், தயாராக இரு என்றார்.

பிச்சைமணி நேரே மஜீத் மூப்பனிடம் போனான். மஜீத் கெட்ட மனிதரல்ல. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்னே வந்து மட்டாஞ்சேரியில் தங்கிவிட்ட குடும்பம். தமிழர்களுக்கு ஒன்றென்றால் ஓடி வருகிறவர்.

"இக்கா, கால் போனா என் பேரு லிஸ்டுல நிக்குமா?"

மஜீத் சாயாக் கிளாஸைக் கீழே வைத்தார். "ரெண்டு காலும் உள்ளவன் பேருதான் நிக்கும், பிச்ச. அது நான் வச்ச சட்டமில்ல."

"விரலு போனா?"

"விரலுதான? விரலு போனவன் நம்ம கூட்டத்துலயே நாலு பேரு உண்டு. கால் இருந்தா மதி, அது போதும்."

பிச்சைமணியின் மண்டையில் அது ஆணியடித்த மாதிரி இறங்கிவிட்டது. விரல் போகலாம், கால் போகக் கூடாது. அவனுக்கு உலகத்தில் வேறு எதுவும் தெரியாது, வேறு எதுவும் வராது. எழுதப் படிக்கத் தெரியாத முப்பத்தைந்து வயதுக்காரன் ஒற்றைக் காலோடு பஜார் ரோட்டில் என்ன செய்வான்? பள்ளிவாசல் வாசலிலும் கோயில் வாசலிலும் மாறி மாறி உட்காரலாம்.

இந்தச் சமயத்தில்தான் சிவராமகிருஷ்ணன் வந்தான். பாலக்காட்டுத் தமிழ்ப் பையன், எர்ணாகுளம் கலூருக்கு அப்பால் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆராய்ச்சி. கம்பி மாதிரி உடம்பு, கண்ணாடிக்குப் பின்னால் தூக்கம் காணாத கண்கள். லேசர் என்று ஒரு சிவப்பு வெளிச்சத்தைக் காலில் அடித்து, தோலுக்கு அடியில் ரத்தம் எங்கே ஓடுகிறது, எங்கே ஓடவில்லை என்று கத்தி வைக்காமல், ஊசி குத்தாமல் படம் பிடித்துவிடலாம் என்பது அவன் நம்பிக்கை. வெளிநாட்டில் கண்ணின் உள்ளே இதைச் செய்துபார்த்து எழுதியிருந்தார்கள். காலில் செய்யலாம் என்று இவனுக்குத் தோன்றியது. எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்பதை இனி டாக்டர்கள் விரலால் அழுத்திப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம் என்று பெரிய டாக்டரிடம் வந்து கெஞ்சினான். அவர் அலுத்துப்போய், இந்த நோயாளியை வேண்டுமானால் கொண்டுபோய்ப் பார் என்றார்.

பிச்சைமணியும் மாயம்மாளும் படகில் எர்ணாகுளம் போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் போனார்கள். மாயம்மாளை வராந்தா பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டான் சிவராமகிருஷ்ணன். உள்ளே ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. மேஜைமேல் ஒரு முழ நீளத்தில் குழல் ஒன்று.

"உட்காருங்கோ. காலை இந்தக் கட்டை மேலே வையுங்கோ. பேடிக்கறதுக்கு ஒண்ணும் இல்லை, வெறும் வெளிச்சமாக்கும்."

விளக்கை அணைத்ததும் பிச்சைமணியின் கால் சிவந்தது. சாதாரணச் சிவப்பு இல்லை. யாரோ பொடிப்பொடியாகச் சிவப்பு மணலைக் காலிலும் கட்டையிலும் அள்ளித் தூவியது போல மினுமினுத்தது. கையால் தட்டிவிடப் பார்த்தான்.

சிவராமகிருஷ்ணன் சிரித்தான். "அது மணல் இல்லை. இந்த வெளிச்சம் எது மேலே பட்டாலும் இப்படித்தான் பொடிப்பொடியாத் தெரியும். அடியில எல்லாம் அசையாம இருந்தா பொடியும் அசையாம நிக்கும். ரத்தம் ஓடற இடத்துல பொடி நுரைச்சுண்டே இருக்கும். படம் எடுத்தா அந்த இடம் மட்டும் மெழுகிவிட்ட மாதிரி மங்கிப்போகும்." தன் உள்ளங்கையை வெளிச்சத்தில் நீட்டினான். மணல் அதில் கொதித்தது. பிச்சைமணி தன் விரல்களைப் பார்த்தான். அங்கே ஒவ்வொரு மணியும் வைத்தது வைத்தபடி மின்னிக்கொண்டிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அழகாக மின்னுகிற இடம்தான் செத்த இடம் என்று புரிந்துகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கால் ஆடிப்போச்சுன்னா, சாமி?"

"ஐயோ, ஆடப்படாது. ஆடினா எல்லா இடமும் மங்கிடும், ரத்தம் நன்னா ஓடற மாதிரி இருக்கும். ஒரு நூல் அசைவு போதும், படம் கேடாயிடும். அதனாலதான் சொல்றேன், அனங்காம இருங்கோ."

கேட்டதற்கு உள்ளபடி பதில் சொன்னான் அந்தப் பையன். அதுதான் அவன் செய்த ஒரே தப்பு.

அன்றைக்கு பிச்சைமணி கல்லுப்போல உட்கார்ந்திருந்தான். படத்தைக் கழுவி எடுத்து வந்தபோது விரலிலிருந்து பாதி பாதத்துக்கு மேல் வரை மணல் அசையாமல் தெளிவாக இருந்தது, கணுக்கால்வரை அங்கங்கே இருந்தது. சிவராமகிருஷ்ணன் முகம் விழுந்துவிட்டது. பெரிய டாக்டர் படத்தைப் புரட்டிப் பார்த்து, நான் விரலால் பார்த்துச் சொன்னதைத்தானே இதுவும் சொல்கிறது, முட்டிக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார். ஒரு மாதம் பொறுக்கச் சொல்லி சிவராமகிருஷ்ணன்தான் மன்றாடினான். மாத்திரை கொடுத்து, பீடியை நிறுத்தி, சூடாக வைத்துப் பார்ப்போம், இன்னொரு படம் எடுப்போம், ரத்தம் திரும்பியிருந்தால் விரல்களோடு போகட்டும் என்றான். அவன் தன் ஆராய்ச்சிக்காகக் கேட்டானா, பிச்சைமணிக்காகக் கேட்டானா என்றால் இரண்டுக்கும்தான். இருபத்தாறு வயதில் அதைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் தெரியாது.

அந்த மாதம் முழுக்க மாயம்மாள் தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தாள். மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தாள். பீடியை மட்டும் அவளால் பிடுங்க முடியவில்லை. வலிக்கும்போதெல்லாம் கக்கூஸுக்குப் போய் ஒன்று இழுத்துவிட்டு வந்தான் அந்தப் பாவி. வலிக்குப் பீடி, பீடியால் வலி. அவனுக்கு அது தெரியாமலில்லை.

இரண்டாவது படத்துக்குப் போனார்கள். அதே அறை, அதே கறுப்புத் துணி, அதே கட்டை. "பீடி நிறுத்தினேளா?" என்று கேட்டான் பையன். "நிறுத்தியாச்சு, சாமி" என்றான் பிச்சைமணி. விளக்கு அணைந்தது. மணல் விழுந்தது. குனிந்து பார்த்தான். மின்னிக்கொண்டிருந்தது, போன தடவையைவிட நன்றாக. அவனுக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் படம் போனால் கால் போகும், கால் போனால் பெயர் போகும்.

கேமராவுக்குப் பின்னால் பையன் குனிந்தான். பிச்சைமணி முதுகை நேராக வைத்துக்கொண்டான். கெண்டைச் சதையை இறுக்கினான். பதினைந்து வருஷம் பழகிய கால். விரல் செத்தாலும் அதை இழுக்கிற சதை உயிரோடுதான் இருந்தது. வலி தொடைவரை பாய்ந்தது, பல்லைக் கடித்துக்கொண்டான். கண்ணுக்குத் தெரியாத ஒரு நடுக்கம், ஒரு நூலில் பாதி. இடுப்புக்கு மேலே ஒன்றும் அசையவில்லை.

"சாமி ஊருல மழை உண்டா?" என்று கேட்டான்.

"உண்டு உண்டு, நேத்து அம்மா லெட்டர் போட்டிருந்தா," என்றான் சிவராமகிருஷ்ணன். கேமரா டக்கென்றது. மூன்று படம் எடுத்தான். மூன்று தடவையும் கால் நடுங்கியது.

படம் கழுவி முடிந்ததும் அந்தப் பையன் ஓடி வந்ததைப் பார்த்திருக்க வேண்டும். மாயம்மாள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கே ஓடி வந்தான், கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. "ரத்தம் வந்தாச்சு! விரல் நுனி வரைக்கும் வந்தாச்சு! பாருங்கோ, மணலே இல்லை!" மூன்று படத்திலும் கால் முழுக்க மெழுகினாற்போல இருந்தது. கட்டையின்மேல் மட்டும் மணல் துல்லியமாக நின்றது. கட்டை தெளிவாக இருந்தால் கேமரா ஆடவில்லை என்று பொருள். அவ்வளவைத்தான் அவன் பார்த்தான். கால் தானே ஆடியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. காலுக்குச் சொந்தக்காரனே காலை ஏமாற்றுவான் என்று எந்த ஆராய்ச்சிக்காரனுக்குத் தோன்றும்? மாயம்மாள் அவன் ஈரக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பெரிய டாக்டர் நம்பவில்லை. நாடி இன்னும் இல்லையே என்றார். ஆனால் நோயாளி முட்டிக்குக் கீழே வெட்டச் சம்மதிக்க முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றான், பையன் படத்தைக் காட்டிக் காட்டிப் பேசினான். கடைசியில் இரண்டு விரலை மட்டும் எடுத்தார்கள்.

புண் ஆறவே இல்லை. ரத்தம் வராத இடத்தில் வெட்டினால் எது ஆறும்? முதல் வாரம் கசிந்தது, மூன்றாம் வாரம் நாறியது. ஒரு மாதத்தில் பாதம் கறுத்தது, கறுப்பு கெண்டைக்காலில் ஏறியது. பதினோராவது வாரம் காய்ச்சலில் பிதற்றியவனை மஜீத்தும் மூன்று சுமைக்காரர்களும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இந்தத் தடவை முட்டிக்கு மேலே எடுத்தார்கள். தெளிந்த பிறகு டாக்டர் மாயம்மாளிடம் சொன்னார்: அன்றைக்கே நான் சொன்ன இடத்தில் எடுத்திருந்தால் முட்டி மிஞ்சியிருக்கும், கட்டைக்கால் பொருத்தி நடந்திருப்பான், நின்று செய்கிற வேலை ஏதாவது பார்த்திருப்பான், இனி கால் பொருத்தினாலும் அதில் நின்று வேலை பார்க்க முடியாது.

மஜீத் மூப்பன் பட்டியலில் அவன் பெயரை ஒரு மாதம் வைத்திருந்து பார்த்தார். பிறகு வேறு ஆள் வந்தான்.

சிவராமகிருஷ்ணன் விசாரித்துக்கொண்டு மட்டாஞ்சேரிக்கு வந்தான். கையில் ஆரஞ்சுப் பொட்டலம். வாசலிலேயே நின்றான், உள்ளே வரக் கால் எழவில்லை. பாயில் கிடந்த பிச்சைமணியைப் பார்த்ததும் முகம் கோணிவிட்டது.

"என் படம் தப்பாயிடுத்து. எங்கே தப்பினதுன்னு ராப்பகலாப் பார்த்துட்டேன், தெரியலை. என்னாலேதான் உங்க முட்டி போச்சு."

மாயம்மாள் எழுந்தாள். இஞ்சிக் கிட்டங்கியில் கிழிபட்ட கை அவளுக்கு, வாயும் அதற்குக் குறைந்ததல்ல. "படமாடா காட்டின நீ? என் புருஷன் முட்டிய வச்சா நீ படிச்சுப் பாஸாகணும்? உன்னப் பெத்தவ வயித்துல நெருப்பு விழ. ரத்தம் வந்தாச்சு ரத்தம் வந்தாச்சுன்னு குதிச்சியேடா! எங்கடா ரத்தம்? காட்டுடா!" ஆரஞ்சுப் பொட்டலத்தைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். பழங்கள் சாக்கடைவரை உருண்டன. அக்கம்பக்கம் கூடிவிட்டது. பையன் அடி வாங்க வந்தவன் மாதிரி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

பிச்சைமணி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ஒரு வாக்கியம் போதும். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இந்தக் கூட்டம் அப்படியே திரும்பித் தன்னைப் பார்க்கும், மாயம்மாளும் பார்ப்பாள். காலும் இல்லாமல், மரியாதையும் இல்லாமல் எப்படிக் கிடப்பது? வாயை மூடிக்கொண்டான். பையன் போய்விட்டான்.

அதன்பிறகு மாயம்மாள் சம்பாதித்தாள், அவன் சாப்பிட்டான். வாசலில் ஊன்றுகோலோடு உட்கார்ந்து பஜார் ரோட்டுக்குப் போகிற வண்டிகளைப் பார்ப்பான். பழைய கூட்டாளிகள் முதலில் நின்று பேசினார்கள், பிறகு கை காட்டினார்கள், பிறகு வேறு தெருவால் போனார்கள். பீடியை விட்டானா? இரண்டு மாதம் விட்டான்.

1986-இல் வலது காலின் சுண்டுவிரல் சில்லிட்டது. மாயம்மாள் தொட்டுப் பார்த்து, கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் பிச்சைமணி தானாகவே சொன்னான். "அந்தப் பிள்ளைட்ட போவோம். இன்னொரு படம் எடுக்கச் சொல்லுவோம்."

"அவன்கிட்டயா? போதாதா பட்டது?"

"வா, போவோம்," என்றான். இந்தத் தடவை அசையக் கூடாது என்று அவன் முடிவு செய்திருந்தான். எங்கே வெட்டச் சொல்கிறதோ அங்கே வெட்டட்டும், இந்த முட்டியாவது மிஞ்சட்டும். அதற்கு முன்னால் பையனிடம் அந்த ஒரு வாக்கியத்தையும் சொல்லிவிட வேண்டும்.

கல்லூரியில் அந்த அறைக்குப் போனார்கள். ஜன்னலில் கறுப்புத் துணி இல்லை. உள்ளே உடைந்த நாற்காலிகள் அடுக்கிக் கிடந்தன. அட்டெண்டர் வெங்கிட்டு சாவிக்கொத்தோடு வந்தார்.

"சிவராமகிருஷ்ணன் சாரா? போயாச்சே, வருஷம் ரெண்டாறது. பாம்பேயில ஏதோ பாங்கு உத்தியோகமாக்கும்."

"அந்த வெளிச்சக் குழலு?"

"அதை வேற டிபார்ட்மெண்டுக்குக் கொண்டுபோயாச்சு. இனி இங்கே ஆரும் அதைச் செய்யறதில்லை. ஒரு நோயாளிக்குப் படம் தப்பாப் போச்சு, கால் போயிடுத்து. உயிருள்ள காலிலே இதை நம்பப்படாதுன்னு சார் எழுதிக் கொடுத்துட்டு, ஆராய்ச்சியையும் விட்டுட்டுப் போயிட்டார். நன்னாப் படிக்கற பையன். போற அன்னிக்கு இந்தப் படியிலே உட்கார்ந்து அழுதான்."

பிச்சைமணி ஊன்றுகோலை இறுகப் பிடித்தான். இரண்டு வருஷமாகச் சுமந்தது வாயிலிருந்து தானே விழுந்தது.

"படம் தப்பில்ல, சாமி. நான்தான் கால ஆட்டினேன்."

வெங்கிட்டுவுக்கு ஒன்றும் புரியவில்லை. "காலை ஆட்டினா என்ன? உட்கார்ந்தா எல்லாரும் ஆட்டறதுதானே," என்று சொல்லிக் கதவைப் பூட்டிக்கொண்டு போனார்.

அவருக்குப் புரியவில்லை. பின்னால் நின்ற மாயம்மாளுக்குப் புரிந்தது. எடைப் பலகைக்குப் பக்கத்தில் அவன் நிற்பதைப் பல வருஷம் பார்த்தவள் அவள்.

பஸ்ஸை விட்டு இறங்கி, படகில் ஏறி, பாதி வழி வந்த பிறகுதான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தப் பிள்ளைய என்னெல்லாம் பேசினேன். நீங்க பக்கத்துல கிடந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்தீய."

அவன் ஊன்றுகோலை எடுத்து மடியில் கிடத்தினான்.

மட்டாஞ்சேரி ஜெட்டியில் அவள் முதலில் இறங்கினாள். எப்போதும் இறங்கியதும் திரும்பி நின்று கையை நீட்டுவாள், அதைப் பிடித்துத்தான் அவன் கரைக்குப் போட்ட பலகையைத் தாண்டுவான். அன்று அவள் திரும்பவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஜார் ரோட்டுக்குள் நடந்துபோனாள். படகு அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஆட்கள் இறங்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். பிச்சைமணி அந்த ஒற்றைக் காலை ஊன்றி, அசையாமல் நின்றான்.